பச்சைக் கல்லும் இடது கன்னமும்

அப்பாவை அடக்கம் பண்ணிய பிறகு வந்த மூன்றாம் சனிக்கிழமையும் அந்தச் சத்தம் கேட்டது. காலை ஒன்பது மணி. வெயில் நன்றாக ஏறி, வீதியில் தம்புள்ளை பஸ்கள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருந்தன. ஆவிகள் நடமாடுகிற நேரமே இல்லை. ஆனாலும் அப்பாவின் அறைக்குள்ளிருந்து, கல்லில் கத்தி உரசுகிற சத்தம். சர்ர்... சர்ர்... கெத்தரின் துருவிக்கொண்டிருந்த தேங்காயை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கட்டில் காலி. சுருட்டி வைத்த மெத்தை சுருட்டியபடியே இருந்தது. அவள் வாசலில் கால் வைத்ததும் சத்தம் நின்றுவிட்டது.

இது ஏன் என்று அவள் யாரையும் கேட்கத் தேவையில்லை. அப்பாவின் கல்லை விற்றவள் அவள்தான்.

அவள் அப்பா கிறிஸ்தோபர் அலுவிகாரையில் முப்பத்தெட்டு வருஷம் சலூன் நடத்தியவர். கடைக்கு வருகிறவர்களுக்குப் போட்டு எறிகிற பிளேடு. தன் முகத்துக்கு மட்டும் பழைய மடக்குக் கத்தியும், அதைத் தீட்ட ஒரு பச்சைக் கல்லும். ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம். எல்கடுவத் தோட்டத்து வெள்ளைத் துரை ஊருக்குக் கப்பலேறியபோது கிறிஸ்தோபரின் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனதாம். கல்லின் விளிம்பில் ஒட்டியிருந்த லேபல் நனையக்கூடாதென்று, தீட்டி முடித்ததும் பிள்ளையைத் துடைக்கிற மாதிரித் துடைத்து வைப்பார். தாடியோடு அவரைப் பார்த்தவர் ஊரில் ஒருவரும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் வாதம் வந்தது. வலது கை, வலது கால், வலது கன்னம் எல்லாம் மரத்துப்போயின. பேச்சும் போயிற்று. தேத்தண்ணி வேணுமா என்று கேட்டால் தலையாட்டுவார். கேட்டதற்குத் தலையாட்டலாம், கேளாததைச் சொல்ல அவருக்கு வழியில்லை. சனிக்கிழமைகளில் கெத்தரின்தான் கத்தி தீட்டிச் சவரம் செய்துவிடுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கல்லின் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருப்பார்.

இந்த வருஷம் மழை பேய் மழை. அறைக் கூரை சல்லடையாகி, கட்டிலை எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒழுக்கும் கூடவே வந்தது. கட்டாரிலிருந்து கணவன் ரொமேஷ் அனுப்புவது வாய்க்கும் வயிற்றுக்குமே சரி. கடைசியில் அவள் கல்லைத் துவாயில் சுற்றிக்கொண்டு மாத்தளை டவுனுக்குப் போனாள். பழைய விளக்கு, மணிக்கூடு எல்லாம் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற ரவூப் நானாவின் கடை அங்கேதான் இருந்தது.

ரவூப் கல்லைக் கையில் வாங்கினார். லேபலைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"எண்பதாயிரம் தாறன் தங்கச்சி."

"இந்தக் கல்லுக்கா? வெளையாடாதீங்க நானா."

"வெளையாட்டில்ல. இது ஜெர்மனியில வெட்டுன கல்லு. அந்தச் சுரங்கத்த மூடி எத்தனையோ காலம். இனி ஒரு துண்டு வராது. மெசின்ல செய்யிற கல்லு எவ்வளவோ இரிக்கி, ஆனா இதுட அரைப்பு மாவு மாதிரி மெத்து எண்டு சொல்றாங்க. முரட்டுக் கல்லுல தீட்டுனா கத்தி வாயில அரம் மாதிரி பல்லு வரும். மரக்கறி வெட்டலாம், மொகத்துல வைக்கேலாது." அவர் லேபலைத் தொடாமல் காட்டினார். "இது கல்லுட பேர்த் சேர்ட்டிபிகேட். பத்துக் கல்லுல ஒம்பதுல தண்ணி பட்டு அழிஞ்சி போயிரிக்கும். இதுக்கெண்டே பைத்தியம் புடிச்ச வெள்ளக்காரங்க இரிக்கிறாங்க. செரைக்கிறதுக்கில்ல, அலுமாரியில வச்சுப் பாக்கிறதுக்கு."

அவர் பேரம் பேசவே இல்லை. அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

பணத்தை வாங்கியவள் நேரே ஹார்ட்வெயார் கடைக்குப் போய்த் தகரத்துக்குச் சொன்னாள். அதே கடையில் வீட்டுக் கத்தி தீட்டுகிற சாம்பல் நிறக் கல் ஒன்றும் வாங்கினாள். அப்பாவுக்குக் கல் போனது தெரியக்கூடாது. கேட்டால் பொய் சொல்லலாம்; கேட்க முடியாத மனிதருக்குச் சத்தமாவது கேட்க வேண்டுமே. விளிம்பை நயமாக்குகிற தோல்வாரில் நூறு தரம் இழுத்தால் எந்தக் கத்தியும் சரியாகிவிடும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். சலூன்காரர் மகளுக்கு வந்த புத்தியைப் பாருங்கள்.

புதுத் தகரத்தின் கீழே முதல் சனிக்கிழமை. அவள் கத்தியைக் கல்லில் வைத்ததும் அப்பா கண்ணைத் திறந்தார். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் தீட்டி முடித்தாள். வலது கன்னத்தை வழித்தாள், பேசாமல் கிடந்தார். இடது கன்னத்தில் கத்தி வைத்தாளோ இல்லையோ, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மெதுவாகப் பிடித்துத் திருப்பி மறுபடி வைத்தாள். நல்ல கையால் அவள் கையைத் தள்ளிவிட்டார். சோப்பு நுரை சுவரில் தெறித்தது. அவர் கண்ணில் நீர் நின்றது.

கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல அவள் எழுந்துவிட்டாள். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பாதி முகத்தை மகளுக்காகக் கொடுத்தார், மீதியைக் கல்லுக்காக மறுத்துவிட்டார் என்று நினைத்தாள். அடுத்த சனிக்கிழமை கத்தியைக் கண்டதுமே அவர் சுவரைப் பார்த்துத் திரும்பினார். அதற்குப் பிறகு அவள் கத்தியை எடுக்கவில்லை. கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் ரேசர் ஒன்றை வாங்கி வந்திருக்கலாம். வாங்கினால் கல் போனதைத் தன் வாயால் சொன்னதாகிவிடுமே! தப்புச் செய்தால் வாயை மூடிக்கொள்கிற சுபாவம் அவளுக்கு. சோறு ஊட்டினாள், துடைத்தாள், உடுப்பு மாற்றினாள், எல்லாம் அவர் முகத்தைப் பார்க்காமல். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் ஜன்னலைப் பார்ப்பாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு வாரம் வெள்ளைத் தாடி வளர்ந்தது. ஏழாவது வாரம் ஒரு காலையில் தேத்தண்ணியோடு போனபோது அவர் இல்லை.

சவப்பெட்டியோடு வந்த மலர்சாலைக்காரன்தான் ஐந்து நிமிஷத்தில் தாடியை வழித்துப் பெட்டியில் வைத்தான். எல்கடுவயிலிருந்து வந்த அத்தை சூசையம்மாவுக்கு அதற்குள் சேதி எட்டிவிட்டது. "எங்கண்ணன் தாடியோடயா கெடந்தாரு? பொம்பளப் புள்ள ஒன்னு வீட்டுல இருந்துமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். அடுத்த சனிக்கிழமை சத்தம் ஆரம்பித்தது. ஆன்மாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தாள். அதற்கடுத்த சனியும் வந்தது.

அதனால் மூன்றாம் சனிக்கிழமையான அன்றைக்கே வளையல் இரண்டையும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு ரவூப்பிடம் போனாள். கல்லைத் திருப்பி வாங்கிக் கல்லறையில் புதைத்துவிட வேண்டும்.

"அது டென்மார்க் போய்ச் சேந்துட்டே தங்கச்சி," என்றார் ரவூப். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரமாகப் போனைத் தேடி எடுத்தார். "இந்தா பாருங்க, வாங்குனவர் சந்தோசத்துல வீடியோ அனுப்பி இரிக்கிறார்."

வெள்ளைத் துணி விரித்த மேசையில் பச்சைக் கல். ஒரு வெள்ளைக்கார விரல் கத்தியை மெதுவாகத் தள்ளியது. ஸ்ஸ்... ஸ்ஸ்... பட்டுச் சேலையை மடிக்கிற சத்தம்தான். கெத்தரின் போனைக் காதோடு வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி கேட்டாள்.

"இது இல்ல நானா."

"இதேதான். லேபலப் பாருங்க."

"வீட்டுல கேக்குறது இந்தச் சத்தம் இல்ல." சொல்லும்போதே அவளுக்குப் புரிந்தது. வீட்டில் கேட்பது சர்ர் என்கிற முரட்டுச் சத்தம். ஹார்ட்வெயார் கடைக் கல்லின் சத்தம்.

அவர் அவளை உட்கார வைத்தார். அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு ரவூப் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மவுத்தாப் போன ஓங்கட அப்பாக்கு ஒரு வாக்குக் குடுத்திருந்தேன். இனி சொன்னாக் குத்தமில்ல. வாதம் வர முந்தி அவர் அந்தக் கல்லோட இஞ்ச வந்தார். வெல கேட்டார், சொன்னேன். அப்ப விக்கல்ல. 'நா வித்துக் காசு குடுத்தா எம் மக வாங்க மாட்டா, ரோசக்காரி. என்னைக்காவது அவளாவே கொண்டாந்தா பேரம் பேசாமக் குடுங்க. நா வந்தத மட்டும் சொல்லிராதீங்க'ன்னார்."

கெத்தரின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நா வெளையாட்டாக் கேட்டேன், கல்லு போனா நீங்க எதால செரைப்பீங்க எண்டு. சிரிச்சார். 'கெழவன் மூஞ்சிக்கு என்னத்துக்குங்க ஜெர்மன் கல்லு, பிளாஸ்டிக் ரேசர் போதும்'ன்னார்."

அவள் எப்படி பஸ் ஏறினாள், எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் அறையில் உட்கார்ந்து சாம்பல் கல்லை எடுத்துத் தண்ணீர் தெளித்தாள். அன்றைக்குத் தீட்டியது போலவே கத்தியைத் தீட்டினாள். நூறு தரம் தோல்வாரில் இழுத்தாள். சட்டையை ஒதுக்கி, இடது முழங்கையின் கீழே, மெல்லிய மயிர் இருக்கிற இடத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

கத்தி வழிக்கவில்லை, பிடுங்கியது. தோல் நெருப்பாக எரிந்தது. இழுத்த கோட்டில் பொடிப் பொடியாக இரத்தம் எட்டிப்பார்த்தது. அப்பாவின் வலது கன்னத்துக்கு எதுவும் தெரியாது. தெரிகிற கன்னம் இடதுதான். அதைத்தான் திருப்பிக்கொண்டார். அவருக்குக் கோபமே இல்லை. கல் போனதில் ஒருவேளை சந்தோஷம்கூட இருந்திருக்கும். அந்த ஆறு வாரமும் அவளைப் பார்த்துப் பார்த்துக் கிடந்தது, மகள் ஏன் தன்னோடு பேசுவதில்லை என்றுதான்.

அவள் காலிக் கட்டிலின் பக்கம் திரும்பினாள். ஒரே ஒரு வார்த்தை அன்றைக்குக் கேட்டிருந்தால் அவர் தலையாட்டியிருப்பார்.

"வலிச்சிச்சாப்பா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் சத்தம் வரவில்லை. ஒன்பது மணிக்கு அவள் அடுப்பை அணைத்துவிட்டு அந்த வாசலில் வந்து உட்கார்ந்து அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பாள்.