ஒரு டென்ட், ஒரு ஸ்பூன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடையில் கிடைத்தது. முதுகுப்பை வாங்க வந்த ஒருவர், கையோடு கொண்டுவந்த சின்னத் தராசில் பைகளை ஒவ்வொன்றாக மாட்டி எடை பார்த்தார். பக்கத்தில் நின்ற மனைவி, "என்னையும் ஒரு தடவ மாட்டிப் பாருங்களேன்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'மலைச்சரிவில் பனி இறங்கிய அந்த மாலையில், அவள் அவன் தோளில்...'

வேண்டாம். இவர்கள் இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை.

இரண்டாவது: அவர் தராசு பழுதுபார்ப்பவர், அவள் வைத்த பட்டப்பெயர் கிராம். அவள் நர்ஸ். அவள் வேலை முடிந்து வரும்போது அவர் கிளம்பியிருப்பார். பதினோரு வருடக் குடித்தனம் பாதிக்குமேல் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகளிலேயே நடந்தது.* மலைத் தேசியப் பூங்காவில் நான்கு நாள் நடை என்பது, இருவருக்கும் சேர்ந்து வாய்த்த முதல் விடுமுறை.

(* 'பால் காய்ச்சியாச்சு.' 'சாவி பூந்தொட்டியில.' காதல் கடிதம் என்றால் இதற்குமேல் என்ன?)

3

ஒரு காலை, கதவில் புதுச் சீட்டு. டென்ட் ஒன்று. அடுப்பு ஒன்று. கிண்ணம் ஒன்று. போர்வை ஒன்று. ஸ்பூன் ஒன்று. மொத்தம் ஒன்பது கிலோ, முந்நூற்று நாற்பது கிராம்.

எல்லாமே ஒன்று. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு தலைமை நர்ஸுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, எனக்கு லீவு வேணாம்."

"என் உயிர வாங்கித்தானடி வாங்கின? என்னாச்சு?"

"அவரு தனியாப் போறாரு."

[நேரில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். முதல் பிரதியில் கேட்கத்தான் வைத்தேன். கதை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. தவிர, சீட்டில் வாழ்பவர்கள் சீட்டில்தான் கோபித்துக்கொள்வார்கள்.]

கீழே எழுதினாள்: 'நல்லபடியா போய்ட்டு வாங்க.'

4

மாலையில் அவர் சீட்டும் கையுமாக வந்து நின்றார். அவள் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"தனியாப் போறவருக்கு வேற என்ன எழுதுறது?"

"தனியான்னு யாரு சொன்னா?"

"உங்க ஸ்பூன் சொல்லிச்சு."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ரெண்டு பேருக்கு எதுக்கு ரெண்டு ஸ்பூன்? நீ சாப்பிட்டுக் குடுத்தா நான் சாப்பிடப்போறேன். முப்பது கிராம் மிச்சம்."

"போர்வை?"

காது சிவந்தது அவருக்கு. "அது... பெரிய போர்வை."

"ஏங்க, 'நாம'ன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா எத்தன கிராம் கூடியிருக்கும்?"

அவர் சீட்டை இன்னொரு தடவை படித்தார். சட்டென்று அவளுக்குத்தான் ஞாபகம் வந்தது. "ஐயோ, லீவு!"

5

தலைமை நர்ஸ் அந்த விடுமுறையை வேறொருத்திக்குக் கொடுத்திருக்கலாம். எழுதியும் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை, கிழித்துவிட்டேன். 'உன் பேர நான் அழிக்கவே இல்லடி' என்றும் அவர் சொல்லலாம். என் வாசகர்கள் அதை இந்நேரம் ஊகித்திருப்பார்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவள் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாள், அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருக்கிறது. கிராம் சமையலறைக்குப் போய் இன்னொரு ஸ்பூனை எடுத்துவந்து, எடை போடாமலே பைக்குள் வைக்கிறார். போனைக் காதில் வைத்தபடியே அவள் அதை வெளியே எடுக்கிறாள்.

"ஒண்ணு போதும்."

அந்தப் பக்கம் போனை எடுத்துவிட்டார்கள். அக்காவின் குரலில் பேசவேண்டியது இனி நீங்கள்தான். பார்த்துப் பேசுங்கள், இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்.