பரணில் நடந்த காலடி

இரு மலைகளுக்கு நடுவே வளைந்தோடும் நெடுவழியின் ஓரத்தில், சாய்கதிரின் செம்மை ஓடுகளின்மேல் படிந்து மெல்ல மங்கிக்கொண்டிருந்த மாலைப்பொழுதில், நூறாண்டுக்கும் மேலாக வழிப்போக்கரைத் தாங்கிக் களைத்த பழைய விடுதியொன்று, புகைபோக்கியில் மென்புகை தவழ நின்றிருந்தது. அன்புடையீர், அதன் கடைசி அறைக்கு மேலுள்ள பரணில், வீடு திரும்பாமலே மாண்டுபோன பயணி ஒருவன் விளக்கேற்றும் வேளைதோறும் நடப்பதாக ஊரெல்லாம் பேச்சு. அந்த அச்சத்தைச் சுவைத்துப் பார்க்கவே தொலைவிலிருந்தும் ஆட்கள் வந்தனர்.

விடுதிக்காரி ஒருத்திக்கே உண்மை தெரியும். அந்தப் பேயைப் பெற்று வளர்த்தவன் அவள் கணவன். விருந்தினர் வரவு அடியோடு குறைந்த ஓராண்டில், மரக்கட்டைச் செருப்பை மாட்டிக்கொண்டு, வலக்காலை அழுத்தி, நலிந்த இடக்காலை இழுத்துப் பரணில் உலவத் தொடங்கினான். வந்தவர்கள் வெலவெலத்துப் போக, அவளோ அடுக்களையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவன் மறைந்தபின் செருப்பு அவள் காலுக்கு வந்தது. உலை வைப்பதுபோல அதையும் ஒரு வீட்டு வேலையாகவே செய்துவந்தாள்.

அன்று கடைசி அறையைக் கேட்டு வாங்கியவள், அண்மையில் மகளைப் பறிகொடுத்த தையற்காரி. விடுதிக்காரி வழக்கம்போலப் பரணேறி நடந்தாள். கீழிருந்து குரல் எழுந்தது.

"யாரு பெத்த பிள்ளையோ, நீங்க இருக்கீங்க! அப்ப என் பொண்ணும் எங்கேயோ இருப்பாதானே? அவளைப் பாத்தா, அம்மா தேடுறான்னு சொல்லுங்கய்யா."

விடுதிக்காரி நடையை நிறுத்தினாள். உண்மை வெளிவந்தால் பிழைப்பில் மண் விழும்; மறைத்தாலோ, அந்தத் தாய் வாழ்நாளெல்லாம் ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டு காத்துக்கிடப்பாள். செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"மன்னிச்சிருங்கம்மா. மேல யாருமில்ல. நான்தான் நடந்தேன்."

தையற்காரி சினந்து எழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள். அழுது ஓய்ந்தபின் அந்தச் செருப்பையே பார்த்தாள்.

"யாரோடது இது?"

"எங்க வீட்டுக்காரரோடது. அவரு போய்ச் சேந்துட்டாரு. நான் நடந்தது அவரு நடை. ஒரு கால் கொஞ்சம் இழுக்கும்."

"அவரு போனப்புறம் இந்த நடையைக் கீழயிருந்து நீங்க கேட்டதே இல்லையாக்கா?"

நடக்கிறவளுக்குக் கேட்கும் பேறு ஏது?

"நீங்க இங்க உக்காருங்க" என்று விடுதிக்காரியைக் கட்டிலில் அமர்த்திவிட்டு, தையற்காரி செருப்புடன் ஏணியில் ஏறினாள்.

அழுத்தமாய் ஓரடி; இழுத்து ஓரடி. மேலே நடப்பவள் யாரென்று அறிந்திருந்தும் விடுதிக்காரி கணவனின் நடையைக் கேட்டு அண்ணாந்தாள். "மெதுவாங்க, பலகை ஆடுது" என்றாள், தன்னை மறந்து.

மாண்டவர் மீள்வதில்லை, அன்புடையீர். அதை அவ்விருவரும் நன்கறிவர். எனினும் மகளை இழந்த ஒருத்தி, தன் துயரைச் சற்றே இறக்கிவைத்து, முன்பின் அறியாத இன்னொருத்தியின் கணவனாய் அன்று நடந்தாள். கீழிருந்தவளோ, இத்தனை ஆண்டும் அழ மறந்திருந்த அழுகையை அப்போதுதான் அழுது முடித்தாள்.