கூறைப்புடவை இருந்த பெட்டி

பீரோவின் அடித்தட்டு வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான் விமல்ராஜ். கொல்லையில் அம்மாவைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசி முடித்துவிட்டார்கள். சுமங்கலியாகப் போனவளுக்கு உடுத்தக் கூறைப்புடவை வேண்டும். தனக்கு அதைத்தான் கட்டி அனுப்ப வேண்டும் என்று அம்மா கிருஷ்ணவேணியே சொல்லி வைத்திருந்தாள்.

"கெடச்சுதாப்பா? எவ்ளோ நேரம் அவள ஈரத்தோட வச்சிக்கினு இருக்கிறது?" என்று கொல்லைப்படியிலிருந்து அத்தை நீலாம்பாள் குரல் கொடுத்தாள்.

"தேடிக்கினுதான் அத்த இருக்கேன்."

அவன் தேடியது புடவையை அல்ல, அது இருந்த நீலப் பெட்டியை. அவர்களுடைய பட்டறையில் அம்மா கையால் ஒட்டிய பெட்டி. பெரிய காஞ்சிபுரத்தில் பாதிக் கடைகளுக்குப் புடவைப் பெட்டி போனது அந்தப் பட்டறையிலிருந்துதான். அட்டை வெட்டுவது அப்பா முருகேசன், ஒட்டுவது அம்மா. பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பாள். அதனால் அவள் கட்டைவிரல் நகம் எப்போதும் பச்சை பாரித்திருக்கும். காய்ந்த பெட்டியின் மூலையை அந்த விரலால் அழுத்திப் பார்ப்பாள். அமுங்கினால் பெட்டி குப்பைக்குப் போகும். ஒட்டியது யாராயிருந்தாலும் சரி, தாட்சண்யமே கிடையாது.

மெஷினில் மடித்த பெட்டிகள் வெளியூரிலிருந்து பாதி விலைக்கு வந்து இறங்கியதும் பட்டறை படுத்துவிட்டது. அதை இழுத்து மூடியவன் விமல்ராஜ். வெட்டும் மெஷினை வாலாஜாபாத்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டு, ஒரு கம்ப்யூட்டர் வாங்கி முன்னறையிலேயே உட்கார்ந்துவிட்டான். யாரிடமும் சம்பளத்துக்குப் போகாமல், கடைகளுக்குப் பெட்டி, பை, கல்யாணப் பத்திரிகை என்று டிசைன் போட்டுக் கொடுத்தான். மெஷினை லாரியில் ஏற்றிய அன்று அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"படம் வரைஞ்சி குடும்பம் நடத்திடுவியா?"

அதன்பிறகு அவன் வேலையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. சாப்பிடக் கூப்பிடுவாள், மாத்திரை கேட்பாள், அவ்வளவுதான். போன தை மாதம் அவன் டிசைன் முதன்முதலாக அச்சாகி வந்தது. அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தான். மயிலும் இல்லை, கோபுரமும் இல்லை. வெறும் அரக்குச் சிவப்பு, ஓரத்தில் மெல்லிய ருத்திராட்சக் கரை. அவள் படத்தைப் பார்க்கவேயில்லை. மூலையை அழுத்தினாள். அமுங்கியது. பேசாமல் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அம்மா அந்த மனத்தாங்கலோடேயே போய்விட்டாள் என்பதுதான் விடிந்ததிலிருந்து அவனை அரித்துக்கொண்டிருந்தது.

தங்கை தேவிப்ரியா உள்ளே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. பீரோவைப் பார்த்துவிட்டு, "அந்த செவப்புப் பொட்டியில பாத்தியாண்ணா?" என்றாள்.

அதை அவன் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் இவ்வளவு நேரமும் தேடிக்கொண்டிருந்தான்.

"அது நான் குடுத்த சாம்பிள்மா. அம்மா அதத் தொட்டிருக்க மாட்டாங்க."

"எதுக்கும் தொறந்து பாரேன்."

திறந்தான். அந்துருண்டை வாசனையோடு கூறைப்புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது. தேவிப்ரியா அதை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

வெறும் பெட்டி அவன் கையில் நின்றது. உள்பக்கம் நான்கு மூலையிலும் நீலக் காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. பழைய பெட்டியிலிருந்து கிழித்த காகிதம். காய்ந்த பசையில் லேசான பச்சை. அதற்குப் பிறகு எழுந்து உட்கார முடிந்த ஏதோ ஒரு நாளில் ஒட்டியிருக்கிறாள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். வெளியே அவன் வரைந்த கரையின்மேல் ஒரு சொட்டுப் பசைகூடப் படவில்லை.

"பொடவ கட்டியாச்சி, வாப்பா," என்று நீலாம்பாள் எட்டிப் பார்த்தாள். "அந்தக் காலிப் பொட்டிய தெருவுல போட்டுடு. செத்தவங்க சாமான் ஊட்டுல வச்சிக்கக் கூடாது."

"சரி அத்த."

அவள் போனபின் கட்டைவிரலை மூலையில் வைத்து அழுத்தினான். அமுங்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினான்.

வாசலில் சங்கு ஊதினார்கள். பெட்டியை மூடிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தான். சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கொள்ளிச்சட்டி எடுக்க வெளியே போனான்.