ஒரு சாண் தள்ளி

ஜெனோ தோட்டாவை லேத் பட்டறை மேஜையின் கண்ணாடிமேல் வைத்து உருட்டிவிட்டான். பித்தளைக் கூடு சீராகத்தான் உருண்டது. அதன் வாயில் பொருத்தியிருந்த குண்டின் முனை மட்டும் ஆடிக்கொண்டே போனது.

"நானே மருந்து வச்சுப் பூட்டுனது அத்தான். பனையில குறி வச்சா ஒரு சாண் தள்ளி விழுது. எங்கன கோளாறுன்னு பாருங்க."

பட்டறைக்காரன் ஜாஸ்பர் அதை மேஜை விளிம்பில் பிடித்து நிறுத்தினான். ஜெனோ அவன் மனைவி ஹெப்சிபாவின் தம்பி. மாமனார் இறந்ததும் அவருடைய ரைபிளை அரசிடம் ஒப்படைத்தாயிற்று என்றுதான் குடும்பத்தில் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

"எதுக்குலே இது?"

"வாழைக்குள்ள பன்னி எறங்குது."

பயந்துகொண்டேதான் ஜாஸ்பர், ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை எடுத்தான். தோட்டாவைத் தாங்கியில் வைத்துச் சுற்றினான். முள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தது. பிறகு, குண்டைக் கூட்டுக்குள் அழுத்தும் இரும்பு டையை வாங்கிப் பார்த்தான். அதன் துளையே நடுவில் இல்லை. குண்டு சாய்ந்து உட்காருவது அதனால்தான். வேறொரு நாளாக இருந்தால் இதைக் கண்டுபிடித்ததற்கே ஒரு டீ குடித்திருப்பான்.

"புதுசா ஒண்ணு கடையணும்," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"கடைஞ்சு குடுங்க. முடியளவு கூட ஆடக்கூடாது."

"பன்னிக்கு எதுக்குலே இம்புட்டு துல்லியம்?"

ஜெனோ பைக் சாவியை எடுத்துக்கொண்டான். இன்னும் இரண்டு தோட்டாக்களை டையின் பக்கத்தில் வைத்தான். "காலையில வாரேன். அக்காட்ட சொல்லிராதீங்க."

பைக் சத்தம் ஓய்ந்த பிறகும் ஜாஸ்பர் அசையவில்லை. போன வருஷம் வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஹெப்சிபாவின் மூத்த தம்பி செல்வினை வெட்டிக் கொன்றார்கள். வெட்டியதாகக் கைதான மணிராஜ் இப்போது ஜாமீனில் வந்து, தினமும் சாயங்காலம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறான். ஜெனோவின் வாழைத் தோட்டத்து ஓரத்தில் நின்றால் ஆற்றுக்கு அக்கரையில் அந்த ஸ்டேஷன் வாசல் தெரியும்.

டையைச் சரிசெய்யாமல் விட்டுவிட்டால் போதும் என்று முதலில் தோன்றியது. குறி தப்பிவிடும். அந்த நினைப்பில் சற்று மூச்சு வந்தது. உடனே அந்த இடம் கண்ணுக்குள் வந்தது. வாசலை ஒட்டி பஸ் ஸ்டாப். சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்கும். குண்டு தள்ளிப் போனால் அங்கே யார் நிற்பார்கள்?

நாலு மணிக்கெல்லாம் ஷட்டரை இழுத்துப் பூட்டி, தோட்டாக்களோடு வீட்டுக்குப் போனான்.

ஹெப்சிபா கேட்டுவிட்டு அழவில்லை. தோட்டாவை ஒரு விரலால் தொட்டாள்.

"இன்னும் எத்தன வச்சிருக்கான்?"

"தெரியல. கூப்பிட்டுப் பேசிப் பாப்பமா?"

"சரிக்கான்னு தலையாட்டுவான். வாய்க்காலுக்குப் போவாதலேன்னு சொன்னப்ப செல்வினும் அப்படித்தான் ஆட்டுனான்." எழுந்து துணிப்பையை எடுத்து, தோட்டாக்களையும் டையையும் அதில் போட்டாள். "வாங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்."

"ஒன் தம்பி ஹெப்சி. தாங்குவியா?"

"ஒருத்தனப் பெட்டிக்குள்ள பாத்தாச்சி. இவன ஜெயில்ல பாத்துக்கிடுதேன்."

ஸ்கூட்டரில் பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஜாஸ்பரின் முதுகு விறைத்தது. அப்படியெல்லாம் வெடிக்காது என்று அவனுக்குத் தெரியும், முதுகுக்குத் தெரியவில்லை. பாலத்தின் மேல் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. யார் என்று இருவருக்கும் தெரியும்.

"எடுக்காதீங்க," என்றாள்.

ஸ்டேஷன் வாசலில் இறங்கியபோது ஆறு முதுகுக்குப் பின்னால் இருந்தது. அக்கரையில் வாழைத் தோட்டம். ஜாஸ்பர் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவிக்கும் ஆற்றுக்கும் நடுவில் வரும்படி சற்றுத் தள்ளி நடந்தான். கழுத்தின் பின்புறம் வேர்த்து வழிந்தது.

வராந்தா பெஞ்சில் மணிராஜ் உட்கார்ந்திருந்தான். கோர்ட்டில் பார்த்ததைவிட மெலிந்திருந்தான். ஹெப்சிபாவை அடையாளம் கண்டு எழுந்தவன், சுவரில் முதுகு இடிக்கும்வரை பின்னால் போனான். அவள் கால்களும் நின்றுவிட்டன.

"என்னம்மா?" என்றார் உள்ளே மேஜையிலிருந்த பெண் காவலர்.

ஹெப்சிபா துணிப்பையின் வாயைப் பிரித்தாள். பைக்குள் கையை விட்டாள்.

அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்த மணிராஜ், சத்தமில்லாமல் இரண்டு கைகளையும் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.