ஸ்கேனரில் ஒன்றுமில்லை

பட்டறைக்கார ரங்கராஜ் மூன்றாம் முறையாக ஸ்கேனர் ஒயரை வண்டியில் செருகிப் பார்த்தார். "ஒரு கோளாறும் காட்டலீங்க. வண்டி சுத்தமா இருக்குது." அவ்வளவுதான், கருப்புசாமியின் இருபது வருட டிரைவர் வேலை அந்த இடத்திலேயே ஆட்டம் கண்டது.

மதுக்கரையில் சிமெண்ட் ஏற்றிக் கோத்தகிரி போகிற பிக்கப் அது. மேட்டுப்பாளையம் வரை பறக்கும். மலையில் மூன்றாவது வளைவு வந்ததும் இழுவை செத்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் உறுமல்தான், ஓட்டமில்லை. நிறுத்தி நிறுத்தி ஏறினால் லோடு நேரத்துக்குப் போய்ச் சேருமா? கீழே வந்துவிட்டாலோ ஒன்றும் அறியாத பிள்ளைபோல ஓடும்.

"லோடோட மலையில ஏத்திப் பாருங்க" என்று கெஞ்சினார் கருப்புசாமி.

முதலாளி தம்பிதுரை சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமா. மிசினு பொய் சொல்லுமுங்களா? சரி, நாளைக்குப் புது டிரைவர் மதன்குமார் ஓட்டட்டும். நீங்க பக்கத்துச் சீட்டுல குக்கிக்கங்க."

மறுநாள் முதலாளியே டேங்கை வாய்வரை நிரப்பி அனுப்பினார். முப்பது மூட்டை. மூன்றாவது வளைவில், "ஆத்தா, நிக்கட்டும்" என்று கருப்புசாமி வாய்க்குள் வேண்டிக்கொண்டார். சோறு போட்ட வண்டி நிற்கவேண்டும் என்று வேண்டுகிற கதி எந்த டிரைவருக்கும் வரக்கூடாது. பாழாய்ப்போன வண்டி நிற்கவில்லை. ஒரு திணறல்கூட இல்லாமல் கோத்தகிரி ஏறியது. சாயங்காலமே சாவியும் வேலையும் மதன்குமாருக்குக் கைமாறின.

எட்டாம் நாள் மதன்குமார் போன் செய்தான். "ஏனுங்ணா, நேத்தைக்கும் இன்னைக்கும் மூணாவது வளைவுல இழுக்க மாட்டேங்குதுங்ணா."

கருப்புசாமிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்? "டீசல் எவ்வளவு கண்ணு இருக்குது?"

"கால் டேங்குங்ணா."

கால் டேங்க்! அவர் ஓட்டியபோதும் அதற்கு மேல் முதலாளி போடவிட்டதில்லை. நிரம்பியிருந்த அன்று மட்டும்தானே ஏறியது? டேங்குக்குள் டீசல் உறிஞ்சுகிற குழாய் மேல்பக்கம் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது. டீசல் குறைந்து, வண்டியும் மூக்கைத் தூக்கினால் காற்றைக் குடிக்கிறது. ஸ்கேனருக்கு அது எப்படித் தெரியும்?

உடனே தம்பிதுரையைக் கூப்பிட்டார். "மொதலாளி, டேங்கைக் கழட்டி அந்தக் குழாயைப் பாக்கச் சொல்லுங்க..."

"வேலையை உட்டுப் போயும் வண்டி மேலயே பழியா? நேத்துக்கூட மிசினு போட்டுப் பாத்தாச்சுங்க. ஒண்ணுமில்லீங்க." வைத்துவிட்டார். மறுபடி அடித்தபோது எடுக்கவேயில்லை.

அதற்குள் மதன்குமாரே திரும்பக் கூப்பிட்டான். "எனக்கு ஓட்டத் தெரியலைங்கிறாருங்ணா மொதலாளி. நான் என்னன்னு சொல்றதுங்ணா?" பின்னால் பஸ் ஹாரன் காதைப் பிளந்தது.

கருப்புசாமிக்கு விடை தெரியும். கேட்கத்தான் முதலாளிக்குக் காதில்லை.

"ஓரமா நிறுத்திக்க கண்ணு" என்றார். "பின்சக்கரத்துக்குக் கல்லு வெச்சுக்க."