பொண்ணு வீட்டு நம்பர்

“ஸ்பீக்கர்ல போடுங்கப்பா. நானும் கேக்கறேன்.”

“உனக்கு என்ன கேக்கணும்? அவங்க என்கிட்டதான் பேசறாங்க.”

சொன்னாரே தவிர, அப்பா ஸ்பீக்கரில்தான் போட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ். போனைத் தொட மனமில்லாமல் மேசைமேலேயே வைத்து விரல்முட்டியால் தட்டினார். அம்மா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மகள் சமையலறை வாசலைத் தாண்டி வரவில்லை.

“வணக்கம் சார். காலேஜ்லேர்ந்து பேசறோம்” என்றது போனில் ஒரு பெண்குரல். “உங்க பொண்ணு மார்க் பாத்தோம். ரொம்ப நல்லா எடுத்திருக்காங்க. எங்ககிட்ட மருத்துவ ஆய்வகப் படிப்பு இந்த வருஷம்தான் புதுசா வருது சார்.”

“ம். பொண்ணுங்களுக்கு எப்படி, பாதுகாப்பெல்லாம்?”

“ஹாஸ்டல் கேட்டு ஆறு மணிக்கு மூடிடுவோம் சார். போன் கிடையாது. பஸ்ல பொண்ணுங்க முன்னாடி, பசங்க பின்னாடி. நடுவுல ஒரு மேடம் உக்காருவாங்க.”

“நடுவுல மேடமா!” அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார்.

“அப்பா, இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கான்னு கேளுங்க” என்றாள் மகள்.

அப்பா போனின்மேல் கையைக் கவிழ்த்தார். கிரீஸ் பட்டதுகூடத் தெரியவில்லை. “பெரியவங்க பேசும்போது குறுக்க வராதே.”

“இரும்மா. அப்பா கேக்க வேண்டியதைக் கேப்பாரு” என்றாள் அம்மா, பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பா கையை எடுத்துவிட்டுக் கேட்டார். “அந்த மேடம், வயசானவங்களா?”

மகள் உள்ளே போனாள். வேறோர் ஊரில் உள்ள அரசுக் கல்லூரியில் இதே படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அங்கே போக பஸ்ஸில் ஒரு முழுப் பகல் ஆகும். அதனால் வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அம்மாவிடம் இரண்டு முறை சொன்னாள். அம்மா இரண்டு முறையும், “சாப்பிடு” என்றாள்.

போனின் மறுமுனையில் இருந்தவளுக்கு மகளின் கேள்வி தெளிவாகக் கேட்டிருந்தது. கை போனை மூடுவதற்குள் கேட்டுவிட்டது. அப்பா அதைத் தன்னிடம் கேட்காததில் அவளுக்கு ஒரு நிம்மதி. நிம்மதியாக இருந்ததே என்று பிறகு எரிச்சல்.

அவள் போன் பேசும் அறையில் எல்லோரையும் உட்காரும் இடத்தை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அவள் மூணு. பக்கத்தில் இருப்பவள் நாலு. கல்லூரியின் பின்பக்கம் இருந்த பழைய வேதியியல் கூடம் அது. மேசைகளில் கழுவுத் தொட்டிகள் அப்படியே இருந்தன. குழாய்களில் தண்ணீர் வராது. ஹெட்ஃபோன் மாட்டிவைக்க உதவின. அங்கீகாரம் கொடுக்க வந்தவர்கள் ஆய்வுக்கூடம் எங்கே என்று கேட்டபோது, காட்டுவதற்குக் கல்லூரியிடம் இந்த அறைதான் இருந்தது. அவர்கள் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அங்கீகாரம் இல்லை என்று பதில் வந்தது. கல்லூரி மறுபடி விண்ணப்பித்தது. பதில் வருமுன்பே ஆள் சேர்க்கப் போன் போடவும் தொடங்கியது.

மேலாளருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் தேன். திட்டினாலும் குழைந்துதான் திட்டுவார்.

“பொய் சொல்லச் சொல்லல” என்றார் அன்று காலை. “நான் யாரையும் பொய் சொல்லச் சொன்னதே இல்ல. எல்லாம் சட்டப்படி. கேட்டா, எல்லாம் முறைப்படி நடந்துட்டிருக்குன்னு சொல்லுங்க. நடந்துட்டுத்தானே இருக்கு? கேக்காததுக்கு ஏன் வாயைத் திறக்கறீங்க? அப்புறம் இன்னொண்ணு. இந்தப் புதுப் படிப்புக்குப் பையன் வீட்டு நம்பர் வேண்டாம். பொண்ணு வீட்டு நம்பர் மட்டும் போடுங்க. பொண்ணுகிட்ட இல்ல, அப்பாகிட்ட.”

நாலு புதிதாகச் சேர்ந்தவள். “ஏன் சார்?” என்று கேட்டுவிட்டாள்.

“பையனுக்கு வேலை கிடைக்கலன்னா அப்பன் வந்து மேசையைத் தட்டுவான்மா. பொண்ணுக்குக் கிடைக்கலன்னா கல்யாணத்தைப் பண்ணி அனுப்பிடுவான். யாரு வந்து கேக்கப்போறா?”

அறையில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்கள் எல்லோரும் பெண்கள். எல்லோரும் இந்தக் கல்லூரியில் படித்தவர்கள்.

மூணு படித்தது உணவு ஆய்வு. அதுவும் ஒரு காலத்தில் புதுப் படிப்புத்தான். அவள் படித்து முடித்த பிறகே அங்கீகாரம் வந்தது. வந்தபிறகு சேர்ந்தவர்களுக்கு மட்டும் அது செல்லும். வேலைக்குப் போன இடங்களில் ஒரு தடவைக்கு மேல் அவளை உட்காரச் சொல்லவில்லை. அந்தப் பட்டம் அச்சேறிய ஒரே இடம் அவளுடைய கல்யாணப் பத்திரிகை. “படிச்ச மருமக” என்று மாமியார் கூப்பிடுவாள், பாத்திரம் சரியாகத் தேய்க்காத நாட்களில். கல்லூரியே கூப்பிட்டு இந்த நாற்காலியைக் கொடுத்தபோது, படித்த படிப்புக்கு வேலை கிடைத்தவர்களின் கணக்கில் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். அவளும் மறுக்கவில்லை. மறுத்தால் வீட்டில்தான் உட்கார வேண்டும்.

பிற்பகலில் அவளுடைய இணைப்புக்கு ஓர் அழைப்பு வந்தது.

“ஹலோ, காலேஜா? மத்தியானம் லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்குப் பேசினது நீங்கதானே? நான் அந்தப் பொண்ணோட அத்தை பேசறேன்.”

சின்னப் பெண் ஒருத்தி அம்மாவின் புடவையைச் சுற்றிக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது அந்தக் குரல். மூணுக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்பாவின் கைக்கு அடியில் அமுங்கிப்போன குரல்.

“சொல்லுங்கம்மா” என்றாள், அத்தைக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையோடு.

“எங்க அண்ணன் பொண்ணு நல்லாப் படிப்பா. அவளுக்கு ஒண்ணு கேக்கணுமாம். கூச்சப்படறா. அதான் நானே...”

“பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?”

“இல்ல. மாடிப்படில நிக்கறேன். பக்கத்து வீட்டு அக்கா... பக்கத்து வீட்டுப் பொண்ணு போன் இது.”

மூணு சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அன்று முழுக்க அவளுக்கு வந்த முதல் சிரிப்பு.

“கேளுங்கம்மா.”

“இதைப் படிச்சா ஆஸ்பத்திரி லேப்ல சேத்துக்குவாங்களா? அங்கீகாரம் இருக்கா? இங்க சேத்துட்டா அவ வேற இடத்தை விட்டுடணும். அதான்.” கடைசிச் சொல்லில் அத்தை இல்லை. பெண் மட்டும் இருந்தாள்.

தேன் இரண்டு மேசை தள்ளி நின்று யாருடைய ஹெட்ஃபோனையோ சரிசெய்துகொண்டிருந்தார். எல்லா அழைப்பும் பதிவாகும். எல்லாம் முறைப்படி நடந்துட்டிருக்கு என்ற வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. நாள் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி நாக்கு அதற்குப் பழகியிருந்தது. மூணுக்குத் தொண்டை வலித்தது. இன்னொரு தடவை அதைச் சொல்லத் தெம்பில்லை என்பதுதான் அந்த நிமிடத்தில் அவளுக்கு முதலில் தோன்றியது.

“இல்லம்மா” என்றாள். “கேட்டாங்க, கிடைக்கல. இப்போதைக்கு இதைப் படிச்சுட்டு லேப்ல சேர முடியாது.”

மூணு குரலைத் தாழ்த்தினாள்.

“உங்க அண்ணன்கிட்டச் சொல்லுங்கம்மா. காலேஜ்லயே சொன்னாங்கன்னு சொல்லுங்க.”

“நான் சொன்னா கேக்கமாட்டாரு.”

“கூடப்பொறந்த தங்கச்சி சொன்னாக்கூடவா?”

ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. “தேங்க்ஸ்க்கா” என்று சொல்லிப் பெண் போனை வைத்தாள்.

நாலு கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏய், உனக்குப் பைத்தியமா? எல்லாம் ரெக்கார்டு ஆகுதுடி.”

“யாரு உக்காந்து கேக்கப்போறா?” என்றாள் மூணு. அடுத்த நம்பரைப் போட்டாள்.

வியாழக்கிழமை லிஃப்ட் மெக்கானிக் மகளோடு கல்லூரிக்கு வந்துவிட்டார்.

சேர்க்கை மேசையில் தேன் இருந்தார். படித்துவிட்டு இங்கேயே வேலை பார்க்கும் ஒரு பெண் பக்கத்தில் இருந்தால் பெற்றோருக்கு நம்பிக்கை வரும் என்று மூணையும் அங்கே உட்கார வைத்திருந்தார். பின்னால் இன்னும் நாலைந்து அப்பாக்கள், தத்தம் மகள்களோடு. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை.

அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். உட்கார்ந்ததும் கேட்டார். “அங்கீகாரம் கிடைக்கலையாமே?”

தேனின் முகம் ஒரு கணம் வெளுத்தது. அவர் மூணின் பக்கம் திரும்பினார். அவள் மேசையைப் பார்த்தாள். வேலை போயிற்று என்று நினைத்தாள். வீட்டில் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டாள்.

“பரவாயில்லைங்க” என்றார் அப்பா. “அது வர்றப்ப வரட்டும். பொண்ணு சம்பாதிச்சுப் போட்டுத்தான் நாங்க சாப்பிடணும்னு இல்ல. ஒரு பட்டம்னு இருந்தாப் போதும். கேட்டு மட்டும் ஆறு மணிக்குக் கரெக்டா மூடிடுவீங்கல்ல?”

“அஞ்சரைக்கே மூடச் சொல்றேன் சார்” என்றார் தேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். தேன் டீ கொண்டுவரச் சொன்னார்.

உண்மையைச் சொல்லிவிட்டால் மற்றது தானே நடக்கும் என்று மூணு நினைத்திருந்தாள். உண்மை முழுசாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அப்பா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சேர்க்கவே வந்துவிட்டார்.

“நீங்க இங்கதான் படிச்சீங்களாம்மா?” என்று அவளைக் கேட்டார்.

“ஆமா சார்.”

“வேலை?”

“இதுதான் சார். உங்களுக்குப் போன் பண்றது.”

“பரவாயில்லையே! வெயில்ல அலையாம, உக்காந்து பாக்கற வேலை.” அப்பா மகள் பக்கம் திரும்பினார். “பாத்தியா?”

மகள் பார்த்தாள். அவளும் மூணும் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்ணுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அழுது முடித்த முகம்.

அப்பா தன் இடத்தில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். தேன் பேனாவை மகள் பக்கம் நகர்த்தினார்.

அவள் பேனாவை எடுக்கவில்லை.

“எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது” என்றாள்.

“என்னது?” என்றார் அப்பா.

“தெரியாதுப்பா.”

“விளையாடறியா? பள்ளிக்கூடத்துலயே முதல் மார்க் வாங்கினவ!”

“எழுதத் தெரியும். கையெழுத்துதான் தெரியாது. எனக்கு எல்லாத்துக்கும் நீங்கதானே போடறீங்க? நான் எங்க பழகினேன்?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்பாவின் கழுத்து சிவந்தது. “நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்காதே. போடு.”

“தெரியாது.” அவள் குரல் உயரவில்லை. பேனாவைத் தேன் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

“சரி, நானே போட்டுடறேன் சார். எங்க போடணும்?” என்றார் அப்பா.

தேன் சுற்றிலும் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அது முடியாது சார். சட்டப்படி மாணவிதான் போடணும். நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க.” யோசித்தார். முகம் தெளிந்தது. “கைநாட்டும் சட்டப்படி செல்லும். மூணு, மைப்பெட்டி எடும்மா.”

சத்தம் அடங்கிவிட்டது. வரிசையில் ஒரு பெண் தன் அப்பாவின் காதருகே கேட்டது எல்லோருக்கும் கேட்டது. “அப்பா, அங்கீகாரம் கிடைக்கலையா?”

மைப்பெட்டி மூணு உட்கார்ந்திருந்த மேசையின் இழுப்பறையில் இருந்தது. காலையில்தான் அவளே துடைத்து வைத்திருந்தாள்.

“மைப்பெட்டி இல்ல சார்” என்றாள்.

“இருக்கும், பாரும்மா.”

“இல்ல சார். காலேஜ்ல சேர வர்ற யாருக்கும் இதுவரைக்கும் தேவைப்பட்டதில்ல.”

தேன் அவளைப் பார்த்தார். பிறகு இழுப்பறையைப் பார்த்தார். அவர் கை அந்தப் பக்கம் நீண்டது.

மூணு தன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, இழுப்பறையின்மேல் முழங்காலை அழுத்தி உட்கார்ந்தாள்.