அக்சூம் சுருங்கும் நேரம்

வரைபட அலுவலக வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடமாக யெஷாரெக் ஒரு பலகை ஆட்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்தாள். எத்தியோப்பியாவின் பழைய அக்சூம் பேரரசை நடத்தும் ஆட்டம். துறைமுகம் பிடிக்கலாம், கடல் தாண்டி யேமனுக்குப் படை அனுப்பலாம். பாதி ஆட்டத்துக்குப் பிறகு மழை பொய்க்கும், வாணிபம் கைமாறும், நாடு சுருங்கும்.

சிக்கலே அங்கேதான். அதுவரை கூச்சல் போட்டு ஆடியவர்கள், நாடு சுருங்கத் தொடங்கியதும் கைபேசியை எடுத்துவிடுவார்கள். போன முறை ஒருவர் எழுந்தே போய்விட்டார்.

அதனால் புது விதி ஒன்றைச் சேர்த்தாள். எதிரி பிடிக்குமுன் ஓர் ஊரை ஆடுபவரே கைவிட்டால், அதன் மக்களையும் தானியத்தையும் மலைக்குக் கொண்டுபோகலாம். அங்கே பாறையில் கோயில் குடையலாம், அதற்கும் புள்ளி உண்டு.

சோதித்துப் பார்க்க அவள் கூப்பிட்டது தாய்மாமன் ஜெம்பெரேயை. வழக்கறிஞர். பல்லாங்குழி மாதிரியான கெபெத்தா ஆட்டத்தில் தோற்கப்போனால் குழிகளில் இருக்கும் விதைகளையே கலைத்துவிடுவார்.

"போயும் போயும் அவரையா? பலகையையே கவுத்துருவாருடி," என்றாள் தோழி திர்சித்.

"அவரே கடைசிவரை உக்காந்துட்டா வேற யாரும் எழுந்திருக்க மாட்டாங்க."

ஞாயிறு மதியம், அடிஸ் அபாபாவில் அவள் வீட்டில், காப்பியும் வறுத்த பார்லியுமாக உட்கார்ந்தார்கள். மாமாவுக்கு அக்சூம், திர்சித்துக்குப் பாரசீகம். மாமா மளமளவென்று யேமனைப் பிடித்தார்.

"என்ன மகாராணி, தூக்கமா?" என்று திர்சித்தைச் சீண்டினார்.

அப்புறம் மழை பொய்த்தது. திர்சித்தின் கப்பல்கள் வாணிபத்தை அள்ளிக்கொண்டன.

"அநியாயம்! எந்தக் கோர்ட்டுல செல்லும் இது?"

"மழை மேல கேஸ் போடுங்க மாமா," என்றாள் திர்சித்.

மாமா விருட்டென்று எழுந்து வாசல் பக்கம் நடந்தார். யெஷாரெக் அவர் முதுகையே பார்த்தாள். அவ்வளவுதான், இவரும் போயாச்சு.

அவர் கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். சட்டைக் கையை மடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"கெளம்பிட்டீங்கன்னு நெனச்சேன் மாமா."

"எங்க கெளம்பறது? யேமன்ல என் ஆளுங்க பட்டினி கெடக்காங்க."

யேமனிலிருந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து மலையில் வைத்தார். அக்சூமின் பெரிய துறைமுகமான அதூலிஸுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"இதையும் விட்டுத்தான் ஆகணுமா யெஷி?"

அவர் பெருமூச்சு விட்டு அதையும் எடுத்தார். பிறகு பலகைமேல் குனிந்தவர், காப்பி ஆறிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

முடிவில் திர்சித் சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

"தோத்துட்டீங்க மாமா!"

"யாரு தோத்தது? நாலு ஊரு, ரெண்டு கோயில், ஜனங்க எல்லாரும் உசுரோட இருக்காங்க. காயை அடுக்கு, இன்னொரு ஆட்டம்!"

யெஷாரெக் மெல்ல எழுந்து சமையலறைக்குப் போனாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது, அகோரப் பசி. கூடத்தில் மாமா ஏதோ விதிக்காக வாதாடிக்கொண்டிருக்க, அவள் நின்றபடியே இன்ஜெரா அப்பத்தைக் கிழித்துக் குழம்பில் தோய்த்து, வாய் நிறையத் தின்றாள்.